அமெரிக்கால டாப் காலேஜ் சீட்டு: நம்ம பசங்களும் அப்பா அம்மாக்களும் திரும்பத் திரும்ப கேக்குற கேள்விகள்

பிளஸ் ஒன், பிளஸ் டூ படிக்கிற நம்மூரு பசங்களோட அப்ளிகேஷன படிச்சுப் பாத்து கருத்து சொல்ற வேலைய கொஞ்ச வருஷமா காசு வாங்காம செஞ்சுட்டு வரேன். பெரும்பாலும் ஒரே கேள்விங்கதான் வருது, அதான் பதில எல்லாம் ஒரே எடத்துல எழுதிட்டேன். இது பிளஸ் டூ முடிச்ச கையோட பேச்சலர் டிகிரிக்கு அமெரிக்கா போக நெனைக்கிறவங்களுக்கு மட்டும். எம்எஸ் போறவங்க கணக்கு வேற.

என் மார்க் இது, எஸ்ஏடி (அமெரிக்க காலேஜ் சேர்க்கைக்கு எழுதுற பரீட்சை) ஸ்கோர் இது. எனக்கு எத்தன பர்சன்ட் சான்ஸ் இருக்கு?

தம்பி, இத நம்பரா யாராலயும் சொல்ல முடியாது, சொல்றேன்னு வர்றவங்கள நம்பாதீங்க. ஆனா ஒண்ணுமே சொல்ல முடியாதுன்னும் இல்ல, மூணு விஷயத்த தனித்தனியா பாக்கலாம். முதல்ல, உங்க மார்க்கும் ஸ்கோரும் அந்த காலேஜ்ல சேந்தவங்க ரேஞ்சுக்குள்ள இருக்கா, இது தெளிவா தெரிஞ்சுக்கலாம். ரெண்டாவது, நீங்க எந்த வரிசைல நிக்கிறீங்க, அதாவது வெளிநாட்டு மாணவரா, பண உதவி கேக்குறீங்களா இல்லயா, இதுவும் தெரியும். மூணாவது, உங்க கட்டுரை, டீச்சர் கொடுக்குற சிபாரிசு லெட்டர், நீங்க செஞ்ச வேலை இதெல்லாம் படிக்கிற ஆள் மனசுல என்ன தோணுச்சுங்கறது, இத யாராலயும் முன்கூட்டி சொல்ல முடியாது.

ஒரு கணக்கு சொல்றேன். 2024ல சேந்த பேட்ச்சுக்கு எம்ஐடிக்கு 28,232 பேர் அப்ளை பண்ணாங்க, 1,275 பேருக்கு சீட் கொடுத்தாங்க, நாலரை சதவீதம். ஆனா அது மொத்த கணக்கு. வெளிநாட்டு பசங்கள மட்டும் தனியா எடுத்துப் பாத்தா சுமார் 2 சதவீதம்தான் வரும். வெப்சைட்ல பெருசா போட்டிருக்க நம்பர பாத்துட்டு "நூத்துல நாலு பேருக்கு கிடைக்குதே"ன்னு நெனைக்கிறோம், நம்ம வரிசைல அது நூத்துல ரெண்டு. இதச் சொல்றது பயமுறுத்த இல்லம்மா, சரியான நம்பர வச்சு முடிவெடுக்கணும்ங்கறதுக்காக.

இருபது காலேஜுக்கு போட்டா ஒண்ணாவது கிடைச்சுடாதா?

இந்தக் கணக்க நெறய பசங்க போடுறாங்க, மேத்ஸ் நல்லா வர்ற பசங்கதான் அதிகமா போடுறாங்க. ஒவ்வொரு எடத்துலயும் 4 சதவீதம்னா, கிடைக்காம போற சான்ஸ் 0.96, அத இருபது தடவ பெருக்குனா 0.44, அப்ப ஒண்ணாவது கிடைக்க 56 சதவீதம்னு வரும். பெருக்கல் சரி, ஆனா ஒவ்வொரு முடிவும் ஒண்ணோட ஒண்ணு சம்பந்தமில்லாம நடக்குதுன்னு வச்சு போட்ட கணக்கு அது. இருபது எடத்துக்கும் போறது ஒரே மார்க், ஒரே லெட்டர், ஒரே மெயின் கட்டுரை. ஒரு எடத்துல பலவீனமா தெரிஞ்ச ஃபைல் மத்த எடத்துலயும் அப்படித்தான் தெரியும். அதோட இருபது காலேஜ்னா ஒவ்வொரு காலேஜும் தனியா கேக்குற குட்டிக் கட்டுரை முப்பது நாப்பது எழுதணும், பத்தாவது காலேஜ் தாண்டுனதும் எல்லாம் ஒரே மாதிரி ஆகிடும், படிக்கிறவங்களுக்கு அது நல்லாவே தெரியும். என்னக் கேட்டா எட்டுலருந்து பன்னெண்டு போதும், அதுல மூணு நாலு மட்டும் ரொம்ப கஷ்டமான காலேஜா இருக்கட்டும்.

நெஜமான நம்பர் எல்லாம் எங்க பாக்குறது?

காமன் டேட்டா செட்னு ஒரு ஃபார்ம் இருக்கு, பெரும்பாலான காலேஜுங்க வருஷா வருஷம் அத நிரப்பி அவங்க சைட்லயே போடுறாங்க. காலேஜ் பேரோட காமன் டேட்டா செட்னு சேத்து தேடுனா வந்துடும். அதுல சி1ங்கற பகுதில எத்தன பேர் அப்ளை பண்ணாங்க எத்தன பேருக்கு கிடைச்சுதுன்னு இருக்கும். சி7தான் தங்கம் மாதிரி, மார்க், கட்டுரை, லெட்டர், ஆக்டிவிட்டி, குணம், அப்பா அம்மா அங்க படிச்சிருக்காங்களா, நீங்க அந்த காலேஜ் மேல எவ்ளோ ஆர்வம் காட்டுறீங்கன்னு ஒவ்வொண்ணுக்கும் "ரொம்ப முக்கியம், முக்கியம், கவனிப்போம், பாக்க மாட்டோம்"னு அவங்களே டிக் பண்ணி இருப்பாங்க. ஆர்வத்த பாக்க மாட்டோம்னு டிக் பண்ண காலேஜுக்கு தெனம் ஒரு மெயில் போட்டு பிரயோஜனம் இல்ல. சி9ல எஸ்ஏடி ரேஞ்ச் இருக்கும். கடைசில ஹெச் பகுதில வெளிநாட்டு மாணவர் எத்தன பேருக்கு உதவி கொடுத்தாங்க, சராசரியா எவ்ளோ கொடுத்தாங்கன்னு போட்டிருக்கும், நம்ம ஆளுங்க யாருமே அதப் பாக்குறதில்ல, ஆனா நமக்கு அதுதான் முதல்ல வேணும். ஒரு காலேஜ் மொத்தமா பத்து வெளிநாட்டுப் பசங்களுக்குத்தான் உதவி கொடுத்திருக்குன்னா, உலகம் பூரா இருந்து வர்றவங்களுக்கு அந்தப் பத்துதான்.

வருஷம் 6 லட்சம்தான் வருமானம். அப்ளை பண்றதே வேஸ்ட்டா?

வேஸ்ட் இல்ல, ஆனா எங்க அப்ளை பண்றோம்ங்கறதுதான் எல்லாமே. இந்த ஒரு கேள்விய முதல்லயே கேக்காம கடைசில கேட்டு மாட்டிக்கிட்ட குடும்பங்க நெறய, அதனால கொஞ்சம் நீளமா சொல்றேன்.

பெரிய பிரைவேட் காலேஜ்ல ஃபீஸ், ஹாஸ்டல், சாப்பாடு எல்லாம் சேத்து வருஷத்துக்கு 85,000 டாலருக்கு மேல போகுது, நம்ம காசுல 70 லட்சம் தாண்டிடும், அது நாலு வருஷம். வெளிநாட்டு மாணவர்கள பொறுத்தவரை காலேஜுங்க மூணு வகை.

ஒரு வகை, நீங்க காசு கேக்குறீங்களா இல்லயான்னு பாக்காம சீட் முடிவு பண்ணிட்டு, சீட் கொடுத்தா உங்க குடும்பத்தால கட்ட முடியாத மொத்தத்தையும் அவங்களே கொடுக்குறவங்க. ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி, ஆம்ஹர்ஸ்ட் ரொம்ப நாளா இப்படி இருக்காங்க, 2022ல டார்ட்மத்தும் போடனும் சேந்தாங்க, அப்புறம் பிரவுனும் நோட்ரடேமும் வந்தாங்க. ஹார்வர்ட்ல 2025 கல்வியாண்டுலருந்து வருஷ வருமானம் ஒரு லட்சம் டாலருக்கு கீழ, சொத்தும் சாதாரண அளவுல இருந்தா குடும்பம் ஒண்ணும் கட்ட வேணாம். ஒரு லட்சம் டாலர்ங்கறது 80 லட்சம் ரூபாய்க்கு மேல, அப்ப 6 லட்சம் வருமானம் எங்க நிக்குதுன்னு நீங்களே பாத்துக்கோங்க.

ரெண்டாவது வகை, சீட் கொடுத்தா முழு உதவியும் செய்வாங்க, ஆனா சீட் கொடுக்கலாமான்னு யோசிக்கும்போதே நீங்க காசு கேக்குறத பாப்பாங்க. ஸ்டான்ஃபோர்ட், கொலம்பியா, பென், டியூக் எல்லாம் இதுல வரும். இங்க முழு உதவி கேக்குற பையன் அதே மார்க் வச்சு கேக்காத பையன விட பின்னாடிதான் நிப்பான். அதுக்காக "வேணாம்னு போட்டு உள்ள போயிட்டு அப்புறம் கேட்டுக்கலாம்"னு மட்டும் நெனைக்காதீங்க. அப்ளை பண்ணும்போது கேக்கலன்னா நாலு வருஷமும் கேக்க முடியாதுன்னு வெளிநாட்டு பசங்களுக்கு ரூல் வச்சிருக்காங்க பல எடத்துல.

மூணாவது வகை, வெளிநாட்டு பசங்களுக்கு தேவை பாத்து உதவி பண்ணாதவங்க. கலிஃபோர்னியா ஸ்டேட்டோட யூசி காலேஜுங்க, பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ் எல்லாம் நடைமுறைல இப்படித்தான். ஆறு லட்சம் வருமானத்துக்கு பெர்க்லில சீட் கிடைச்சு என்ன செய்ய, வீட்ட அடமானம் வைக்கிற பேச்சு வந்துடும். தயவு செஞ்சு அது வேணாம்.

இது தவிர கென்டக்கில பெரியான்னு ஒரு காலேஜ் இருக்கு, யாருகிட்டயும் டியூஷன் ஃபீஸ் வாங்குறதில்ல, எல்லாரும் கேம்பஸ்ல வேலை செய்யணும், வெளிநாட்டு பசங்கள கொஞ்ச பேரத்தான் எடுக்குறாங்க ஆனா எடுத்தவங்களுக்கு உதவி பெருசு. மார்க் பாத்து ஸ்காலர்ஷிப் கொடுக்குற அலபாமா, யூடி டல்லாஸ் மாதிரி ஸ்டேட் யூனிவர்சிட்டிகளும் இருக்கு, அது முழு செலவுக்கும் பத்தாது, ஆனா நடுத்தர வருமானக்காரங்களுக்கு கட்டக்கூடிய அளவுக்கு பக்கத்துல வரும்.

பேப்பர் வேலை பத்தி ஒண்ணு. சிஎஸ்எஸ் ப்ரொஃபைல்னு ஒரு ஃபார்ம் நிரப்பணும், வருமானம், சொத்து, கடன் எல்லாம் கேக்கும். ஐடி ரிட்டர்ன் போடாத வீடுன்னா தாசில்தார் கொடுக்குற வருமான சான்றிதழ், பேங்க் ஸ்டேட்மென்ட், நிலம் இருந்தா பட்டா, தமிழ்ல இருக்குறதுக்கெல்லாம் இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு. அக்டோபர் மாசமே சேத்து வைக்க ஆரம்பிங்க, டிசம்பர் கடைசில தாலுகா ஆஃபீஸ்ல போய் நிக்காதீங்க. சொத்த மறைக்காதீங்க, தப்பா போட்டது தெரிஞ்சா கொடுத்த சீட்டையே வாங்கிடுவாங்க.

ஸ்டேட் போர்டு பசங்கன்னா கொறச்சு பாப்பாங்களா?

இல்ல. இந்தியாவுக்குன்னு ஃபைல் படிக்கிற ஆளுங்க இருக்காங்க, சிபிஎஸ்இ, ஐசிஎஸ்இ, ஸ்டேட் போர்டு எல்லாம் அவங்களுக்குத் தெரியும். உங்க ஸ்கூல்ல என்ன கிடைச்சுதோ அத வச்சு என்ன செஞ்சீங்கன்னுதான் பாப்பாங்க. ஸ்கூல்ல ஏபி, ஐபி மாதிரி வெளிநாட்டு பாடத்திட்டம் இல்லன்னு யாரும் கொறச்சல் சொல்ல மாட்டாங்க. ஆனா ஒண்ணு, ஒன்பதாவதுலருந்து நாலு வருஷ மார்க்கும் கேப்பாங்க, நம்ம ஊர்ல ஒன்பதாவத யாரும் மதிக்கிறதில்ல, பத்தாவதுக்கு போர்ஷன் ஆரம்பிச்சுடுவாங்க. எட்டாவது ஒன்பதாவது படிக்கிற புள்ளைங்க வீட்ல இருந்தா இத இப்பவே ஞாபகம் வச்சுக்கோங்க.

இன்னொன்னு ஸ்கூல் ப்ரொஃபைல். உங்க ஸ்கூலப் பத்தி ஒரு பக்கம், எந்த போர்டு, எத்தன பேர் படிக்கிறாங்க, என்னென்ன குரூப் இருக்கு, போன வருஷம் பிளஸ் டூல 600க்கு எவ்ளோ எடுத்தாங்க, இதெல்லாம். பெரிய இன்டர்நேஷனல் ஸ்கூல்ல அழகா அச்சடிச்சு வச்சிருப்பாங்க. ஒரு சின்ன ஊரு ஸ்கூல்ல இருக்காது, ஹெச்எம் கிட்ட போய் உக்காந்து ஒரு பக்கம் தயார் பண்ணி ஸ்கூல் பேர்ல அனுப்பச் சொல்லுங்க. முதல் தலைமுறையா காலேஜ் போற பசங்க நெறய இருக்க ஸ்கூல்னா அதையும் போடச் சொல்லுங்க. 570 மார்க் வாங்குன பொண்ணு அந்த ஸ்கூல்ல முதல் ஆளுன்னு தெரிஞ்சா அந்த 570க்கு மதிப்பே வேற.

எஸ்ஏடி வேணுமா வேணாமா?

கொரோனா சமயத்துல வேணாம்னு சொன்ன காலேஜ் பல திரும்ப கேக்க ஆரம்பிச்சுட்டாங்க. எம்ஐடி 2022லயே, ஹார்வர்ட், கால்டெக், டார்ட்மத், பிரவுன் 2024ல அறிவிச்சாங்க. கொலம்பியா கட்டாயம் இல்லன்னே இருக்கு. யூசி காலேஜுங்க ஸ்கோர அனுப்புனாலும் பாக்குறதில்ல. நம்ம பசங்களுக்கு என் கருத்து, எழுதுங்க. தெரியாத ஸ்கூல்லருந்து வர்ற பையனுக்கு அந்த ஸ்கோர் ஒரு சாட்சி. எம்ஐடில மேத்ஸ் ஸ்கோர் நடுவாந்தர ரேஞ்ச் 780லருந்து 800, அப்ப மேத்ஸ்ல 800 வாங்குறது அங்க சாதாரணம், இங்கிலீஷ் பகுதிலதான் நம்ம ஆளுங்க விடுறாங்க. அதுக்கு கோச்சிங் விட தெனம் இங்கிலீஷ்ல ஒரு நல்ல நீளமான கட்டுரை படிக்கிறது மேல், ஒன்பதாவதுலருந்து படிச்சா பிளஸ் ஒன்ல தானா வந்துடும். ரெண்டு தடவ எழுதுனா போதும். ஃபீஸ் 100 டாலருக்கு மேல, அதுல நமக்கு விலக்கு கிடைக்காது. காலேஜ் அப்ளிகேஷன் ஃபீஸ் ஒவ்வொண்ணும் 75, 85 டாலர்னு வரும், அதுக்கு கஷ்டத்த சொல்லி விலக்கு கேட்டா பெரும்பாலும் கொடுப்பாங்க, வெக்கப்படாம கேளுங்க.

என்ன ஆக்டிவிட்டி பண்ணா எடுப்பாங்க?

இந்தக் கேள்வியோட வடிவமே பசங்கள தப்பான பக்கம் இழுக்குது. காமன் ஆப்ல (பல காலேஜுக்கும் ஒரே எடத்துல அப்ளை பண்ற ஆன்லைன் ஃபார்ம்) பத்து ஆக்டிவிட்டிக்கு எடம் இருக்கு, ஒவ்வொண்ணையும் 150 எழுத்துக்குள்ள விவரிக்கணும். பத்தையும் நிரப்பியே ஆகணும்னு ஒரு வெறி வந்துடுது, பிளஸ் ஒன் லீவுல ஒரு என்ஜிஓ ஆரம்பிச்சு, ஃபோட்டோ எடுத்து, தலைவர்னு போட்டுக்குறாங்க. வருஷத்துக்கு ஆயிரக்கணக்குல அதே ஃபைல் வருது, படிக்கிறவங்களுக்கு அலுப்பு தட்டிடும்.

நெஜமா எது எடுபடும்னா, நீங்க ஏற்கனவே விரும்பி செய்யுற ஒண்ணு ரெண்டு விஷயத்துல ரொம்ப தூரம் போறது. எடுத்துக்காட்டுக்கு ஒரு பொண்ணுக்கு கோலமும் கணக்கும் புடிக்கும்னு வைங்க. "கோலத்துல கணிதம்"னு ஒரு போஸ்டர் போட்டு ஸ்கூல் எக்ஸிபிஷன்ல வைக்கிறது ஒரு அளவு. மெட்ராஸ் கிறிஸ்டியன் காலேஜ்ல கிஃப்ட் சிரோமணி 1970கள்லயே கோலத்த கம்ப்யூட்டர் இலக்கணமா எழுதி ஆராய்ச்சி பண்ணிருக்காரு, அத தேடிப் புடிச்சு படிச்சு, புரியாத எடத்த ஒரு காலேஜ் சார்கிட்ட கேட்டு, தானா ஒரு ப்ரோக்ராம் எழுதி, பாட்டி போடுற கம்பிக் கோலத்துல எது அந்த விதிக்குள்ள வரலன்னு பாத்து எழுதி வச்சா அது வேற அளவு. செலவு ஒண்ணும் இல்ல, ஒரு லேப்டாப் போதும். அதே மாதிரி தமிழ் விக்கிமூலத்துல பழைய புத்தகங்கள மெய்ப்பு பாக்குறது, பொங்கல் சமயத்துல நடக்குற பறவைக் கணக்கெடுப்புல வருஷா வருஷம் உங்க ஊர் ஏரிய எண்ணி பதிவு பண்றது, இதெல்லாம் யாரு வேணா போய் சரிபாக்கக்கூடிய உண்மையான வேலை, தேதியோட பதிவு இருக்கும்.

வீட்டு வேலையும் சேரும், இத நெறய பேர் நம்பவே மாட்டேங்குறாங்க. காமன் ஆப்லயே குடும்பப் பொறுப்புன்னு ஒரு வகை இருக்கு, சம்பளத்துக்கு செஞ்ச வேலைன்னும் ஒண்ணு இருக்கு. ஸ்கூல் விட்டு வந்து அப்பாவோட விசைத்தறி ஓட்டுற பையன், தம்பி தங்கச்சிய பாத்துக்குற பொண்ணு, கடைல கணக்கு எழுதுறவன், எல்லாம் வாரத்துக்கு எத்தன மணி நேரம்னு தைரியமா போடுங்க. வாரம் இருபது மணி நேரம் தறி ஓட்டிக்கிட்டு 560 எடுத்தவன மதிக்கத் தெரிஞ்ச ஆளுங்கதான் அந்தப் பக்கம் உக்காந்திருக்காங்க.

காசு கட்டுனா ரிசர்ச் பேப்பர் போட்டுத் தராங்களாமே?

ஒண்ணு ரெண்டு லட்சம் வாங்கிட்டு ஒரு மென்டர் கொடுத்து, பேரு கேள்விப்படாத ஜர்னல்ல போட்டுத் தராங்க. வேணாம். பதினாறு வயசுப் பையன் பேர்ல கேன்சர் பத்தி பேப்பர் வந்திருந்தா, யாரு எழுதுனாங்கன்னு படிக்கிறவங்களுக்கு சந்தேகம் வரத்தான் செய்யும். அறிவியல் ஆராய்ச்சில நெஜமா ஆர்வம் இருந்தா ஐரிஸ் நேஷனல் ஃபேர்னு ஸ்கூல் பசங்களுக்கான அறிவியல் போட்டி இருக்கு, அதுலருந்துதான் இந்தியா டீம் அமெரிக்கால நடக்குற ஐசெஃப்ங்கற சர்வதேச போட்டிக்கு போகுது.

கணக்கு, சயின்ஸ்ல கெட்டிக்கார பசங்களுக்கு ஒலிம்பியாட் மாதிரி வேற எதுவும் இல்ல. கணக்குல ஐஓக்யூஎம், அப்புறம் ஆர்எம்ஓ, ஐஎன்எம்ஓன்னு பரீட்சைங்க படிப்படியா போகும், மும்பை ஹோமி பாபா சென்டர் ஒருங்கிணைக்கிறாங்க, கடைசில ஆறு பேர் உலகப் போட்டிக்கு இந்தியாவுக்காக போவாங்க. ஐஎன்எம்ஓ வரைக்கும் போனாலே அது என்னன்னு எம்ஐடிக்காரங்களுக்குத் தெரியும். இதுல இன்னொரு நல்ல விஷயம், சென்னை ஐஐடி இப்ப ஒலிம்பியாட்ல நல்லா பண்ண பசங்களுக்குன்னு ஜேஇஇ ரேங்க்ல வராம தனி வழில சீட் வச்சிருக்காங்க, சிறுசேரில இருக்க சிஎம்ஐயும் (சென்னை மேத்தமேட்டிகல் இன்ஸ்டிட்யூட்) நல்ல கணக்குப் பசங்களத்தான் தேடுறாங்க. அப்ப அந்த உழைப்பு எந்தப் பக்கம் போனாலும் வீணாகாது.

கட்டுரை எப்படி எழுதுறது? சாட்ஜிபிடி வச்சு எழுதலாமா?

ரெண்டாவதுக்கு முதல்ல பதில் சொல்லிடுறேன், எழுதக் கூடாது. ஏஐ எழுதுனத உங்களோடதுன்னு அனுப்புறத காமன் ஆப் மோசடி கணக்குல வச்சிருக்கு. அதோட அது எழுதுற கட்டுரை எல்லாம் ஒரே மாதிரி வழவழன்னு இருக்கும், அதுல உங்க வீடும் இருக்காது உங்க ஊரும் இருக்காது.

மெயின் கட்டுரை 650 வார்த்தைக்குள்ள. நம்ம பசங்க எழுதுறதுல மூணு நோய் பாக்குறேன். பெரிய வார்த்தை போடுறது, ஒரு நாள் கிராமத்துக்குப் போயி ஏழைங்கள பாத்து மனசு மாறுனேன்னு எழுதுறது, அப்துல் கலாம் மேற்கோள்ல ஆரம்பிக்கிறது. கலாம் அய்யா மேல எனக்கு மரியாதை உண்டு, ஆனா 650 வார்த்தைல அவருக்கு எதுக்கு எடம், உங்களப் பத்தி தெரிஞ்சுக்கத்தானே கேக்குறாங்க. சின்ன விஷயத்த எடுங்க. அம்மா கூட ரேஷன் கடை வரிசைல நின்னு நீங்க யோசிச்ச ஒரு கணக்கு, தாத்தாவோட வாதம் பண்ணி நீங்க தோத்த ஒரு விஷயம், எதுவா இருந்தாலும் நீங்க எப்படி யோசிக்கிறீங்கன்னு அதுல தெரியணும். முதல்ல தமிழ்ல வாயால யாருக்காவது சொல்லிப் பாருங்க, ஃபோன்ல ரெக்கார்ட் பண்ணுங்க, அப்புறம் இங்கிலீஷ்ல எழுதுங்க, இத செஞ்ச பசங்களோட கட்டுரை சட்டுனு உயிரோட வர்றத நான் பாத்திருக்கேன். கிராமர் தப்பு ஒண்ணு ரெண்டு இருந்தா ஒண்ணும் ஆகாது.

"ஏன் எங்க காலேஜ்"னு கேக்குற குட்டிக் கட்டுரைல காலேஜ் பேர மாத்தி போட்டாலும் பொருந்துற மாதிரி இருந்தா அத தூக்கிப் போட்டுட்டு திரும்ப எழுதுங்க.

எங்க சாருக்கு இங்கிலீஷ் லெட்டர் எழுதி பழக்கமில்ல, "நீயே எழுதிட்டு வா, கையெழுத்து போடுறேன்"னு சொல்றாரு...

இது நம்ம ஊர்ல எல்லா ஸ்கூல்லயும் நடக்குறது, ஆனா நீங்க எழுதாதீங்க, நேர்மையும் இல்ல, உங்க கட்டுரை நடையும் லெட்டர் நடையும் ஒண்ணா இருந்தா மாட்டிப்பீங்க. அதுக்கு பதிலா சாருக்கு ஒரு பக்கம் ஞாபகக் குறிப்பு கொடுங்க, கிளாஸ்ல நீங்க கேட்ட கேள்வி, லேப்ல நடந்தது, உங்களால மத்த பசங்க கத்துக்கிட்டதுன்னு நடந்த சம்பவங்கள. சார் அத வச்சு அவர் வார்த்தைல எழுதட்டும், சாதாரண இங்கிலீஷ் போதும். "ஒழுக்கமான மாணவன், கடின உழைப்பாளி"ன்னு பத்து வரி எழுதுறத விட "இந்தப் பொண்ணு நான் போட்ட கணக்குல தப்பு கண்டுபுடிச்சு கிளாஸ் முடிஞ்சதும் தனியா வந்து சொன்னா"ன்னு ஒரு வரி எவ்வளவோ மேல். ஜூலைலயே கேட்டுடுங்க, டிசம்பர்ல சாருங்களுக்கு அரையாண்டு பேப்பர் திருத்தவே நேரம் இருக்காது.

ஜேஇஇயும் பாத்துக்கிட்டு இதையும் பாக்க முடியுமா?

முடியும், கஷ்டம். ஜேஇஇ மெயின் முதல் செஷன் ஜனவரில, பெரும்பாலான காலேஜ் கடைசி தேதியும் ஜனவரி ஆரம்பம். காமன் ஆப் ஆகஸ்ட் 1 தொறக்கும், அதனால எஸ்ஏடிய பிளஸ் ஒன்லயே முடிச்சுட்டு, மெயின் கட்டுரைய பிளஸ் டூ ஆரம்பத்து மே, ஜூன்லயும், குட்டிக் கட்டுரைங்கள செப்டம்பருக்குள்ளயும் முடிச்சுட்டா நவம்பர்லருந்து ஜேஇஇக்கு உக்காரலாம். டம்மி ஸ்கூல்ல சேக்குறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஸ்கூலுக்கே போகாத பையனுக்கு எந்த டீச்சர் லெட்டர் எழுதுவாங்க? ரெண்டு வழியும் வேணும்னா நெஜமான ஸ்கூல்ல படிக்க வைங்க.

எர்லி டிசிஷன் (ரெகுலர் தேதிக்கு முன்னாடியே ஒரு காலேஜுக்கு மட்டும் போடுறது) போட்டா சான்ஸ் கூடுமா?

நம்பர பாத்தா கூடுற மாதிரிதான் தெரியும். பிரவுன்ல கடந்த சில வருஷமா எர்லி ரவுண்டுல 13லருந்து 18 சதவீதம், ரெகுலர்ல 4 சதவீதம். ஆனா எர்லில முன்னாடியே பேசி வச்ச விளையாட்டு வீரர்களும், அங்க படிச்சவங்களோட புள்ளைங்களும் நெறய இருப்பாங்க, அவங்கள கழிச்சுட்டு பாத்தா வித்தியாசம் அவ்ளோ இல்ல. கொஞ்சம் இருக்கு. ஆனா கிடைச்சா சேந்தே ஆகணும்ங்கற ஒப்பந்தம் அது, பண உதவி பத்தலன்னா மட்டும் வெளிய வரலாம், மத்த எடத்துல எவ்ளோ தருவாங்கன்னு ஒப்பிட்டுப் பாக்க முடியாது. ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், ஸ்டான்ஃபோர்ட்ல வேற மாதிரி எர்லி, கட்டாயம் இல்ல, ஆனா அத போட்டா மத்த பிரைவேட் காலேஜ்ல எர்லி போடக் கூடாது.

ஆசியாக்காரங்கன்னா கொறைக்கிறாங்களாமே?

அது ஹார்வர்ட் மேல 2014ல போட்ட கேஸ்லருந்து வந்த பேச்சு, 2023 ஜூன் 29ல அமெரிக்க சுப்ரீம் கோர்ட் இனத்த கணக்குல எடுக்கக் கூடாதுன்னு தீர்ப்பு சொல்லிடுச்சு. அது அமெரிக்கால இருக்கவங்களுக்கு நடுவுல உள்ள விஷயம். இந்தியாலருந்து போடுற நம்ம பசங்க வெளிநாட்டு வரிசைல இருக்காங்க, உங்களுக்கு போட்டி டெல்லி, மும்பை, பெங்களூரு, சென்னைல இருக்க மத்த பசங்க. இத நெனச்சு தூக்கத்த கெடுத்துக்க வேணாம்.

நாங்க நியூ ஜெர்சில இருக்கோம், ஹெச்1பி வேலை விசா. பையன் இங்க பொறக்கல, இங்க ஹைஸ்கூல் படிக்கிறான், ஹெச்4ல (ஹெச்1பி குடும்பத்துக்கான விசா) இருக்கான். அவன் எந்தக் கணக்கு?

அண்ணா, அவன் அமெரிக்க ஹைஸ்கூல்ல படிச்சதால ஃபைல உள்ளூர் ஸ்கூலோட சேத்துதான் படிப்பாங்க, ஆனா அரசாங்க பண உதவி கிடையாது, பல பிரைவேட் காலேஜ்ல உதவி விஷயத்துல வெளிநாட்டு மாணவர் கணக்குதான். ஸ்டேட் யூனிவர்சிட்டில உள்ளூர் ஃபீஸ் கிடைக்குமாங்கறது மாநிலத்துக்கு மாநிலம் மாறும், ஒவ்வொரு காலேஜுக்கும் தனித்தனியா மெயில் போட்டு எழுத்துல பதில் வாங்குங்க. 21 வயசானா ஹெச்4 முடிஞ்சுடும், காலேஜ் மூணாவது நாலாவது வருஷத்துல அது வரும், அதுக்கு முன்னாடியே எஃப்1 மாணவர் விசாவுக்கு மாத்துறத பத்தி வக்கீல்கிட்ட பேசி வச்சுடுங்க.

கன்சல்டன்ட் வச்சுக்கலாமா?

கேரன்ட்டி சொல்றவங்க, "எங்களுக்கு உள்ள ஆள் இருக்கு"ன்னு சொல்றவங்க, கட்டுரைய நாங்களே எழுதித் தரோம்னு சொல்றவங்க, மூணு பேரும் வேணாம். கமிஷன் கொடுத்து ஆள் சேக்குற யூனிவர்சிட்டிங்க இருக்கு, அந்த லிஸ்ட்டதான் சில ஏஜென்ட்டுங்க உங்களுக்கு தள்ளுவாங்க, எங்கருந்து காசு வருதுன்னு நேராவே கேளுங்க. தேதிய ஞாபகப்படுத்தி, லிஸ்ட் போட உதவி பண்ணி, கட்டுரைய படிச்சு கேள்வி கேக்குற ஒரு நல்ல ஆள் கிடைச்சா உதவிதான், ஆனா அத ஒரு அக்கறையான இங்கிலீஷ் டீச்சரும், அங்க படிக்கிற உங்க ஸ்கூல் சீனியரும் சேந்து செஞ்சுடலாம்.

ஒரு வருஷம் கேப் எடுத்து திரும்ப போடலாமா? இல்ல இங்க காலேஜ்ல சேந்துட்டு அப்புறம் மாறிக்கலாமா?

கேப் எடுக்குறது தப்பில்ல, அந்த வருஷத்துல என்ன செஞ்சீங்கன்னு சொல்ல ஏதாவது இருக்கணும். அதே ஃபைல திரும்ப அனுப்புனா அதே பதில்தான் வரும். ஆனா இங்க ஒரு காலேஜ்ல முழுநேரமா சேந்துட்டீங்கன்னா நீங்க டிரான்ஸ்ஃபர் மாணவர், அதாவது பாதில காலேஜ் மாறி வர்றவர் ஆகிடுவீங்க, அதுல சீட்டும் கம்மி, வெளிநாட்டு பசங்களுக்கு பண உதவி அதவிட கம்மி. இத தெரியாம சேந்துட்டு தவிச்ச பசங்க இருக்காங்க, அதனால முடிவ யோசிச்சு எடுங்க.

எங்கயும் கிடைக்கலன்னா?

இந்தக் கேள்விய பெரும்பாலும் அம்மாக்கள்தான் கேக்குறாங்க, ராத்திரி ஃபோன் பண்ணி. அம்மா, அமெரிக்கால பேச்சலர் டிகிரிக்கு நாம காசு கொடுக்கணும், ஆனா சயின்ஸ், இன்ஜினியரிங்ல பிஹெச்டிக்குப் போனா பெரும்பாலும் ஃபீஸ் இல்ல, மாசச் செலவுக்கும் அவங்களே கொடுப்பாங்க. இங்க ஐஐடி, ஐஐஎஸ்சி, ஐசர், சிஎம்ஐ, இல்ல ஒரு நல்ல அரசு காலேஜ்ல நாலு வருஷம் ஒழுங்கா படிச்சு, ஒரு பேராசிரியரோட வேலை செஞ்சு போறது செலவு ரொம்ப கம்மியான வழி. சிதம்பரத்துல பொறந்த வெங்கி ராமகிருஷ்ணன் பரோடால பிஎஸ்சி படிச்சுட்டு ஒஹாயோ யூனிவர்சிட்டிக்கு பிஹெச்டி போனாரு, டாப் பத்துல இருக்க பேர் இல்ல அது, 2009ல கெமிஸ்ட்ரில நோபல் வாங்குனாரு. பதினேழு வயசுல வர்ற ஒரு மெயில வச்சு உங்க புள்ளைய எடை போடாதீங்க, அவங்க முன்னாடி முகத்த தொங்கப் போடாதீங்க, இத நான் கெஞ்சிக் கேக்குறேன். ரிசல்ட் வர்ற வாரம் கூடவே இருங்க.

வெயிட்லிஸ்ட்ல போட்டிருக்காங்க, என்ன பண்றது?

எம்ஐடி ரிசல்ட் மார்ச் 14 வாக்குல வரும், மத்த பெரிய காலேஜுங்க மார்ச் கடைசில. வெயிட்லிஸ்ட்ல இருக்க சம்மதம்னு முதல்ல டிக் பண்ணுங்க, அப்புறம் ஒரே ஒரு பக்க லெட்டர், ஜனவரிக்கு அப்புறம் நடந்த புது விஷயம் மட்டும், கிடைச்சா கண்டிப்பா வருவேன்னா அதையும் தெளிவா எழுதுங்க. வாரா வாரம் மெயில், எம்எல்ஏ லெட்டர், தெரிஞ்ச டாக்டர் சிபாரிசு இதெல்லாம் வேணாம். உதவி கேக்குற வெளிநாட்டு பசங்களுக்கு வெயிட்லிஸ்ட்லருந்து கிடைக்கிறது அபூர்வம், அந்த நேரத்துல பட்ஜெட் தீந்திருக்கும். அதனால கையில இருக்க காலேஜ்ல உங்களுக்கு புடிச்சத எடுத்து மே 1க்குள்ள டெபாசிட் கட்டிடுங்க, ஐ20 (விசாவுக்காக காலேஜ் அனுப்புற ஃபார்ம்) வந்ததும் சென்னை கான்சுலேட்ல விசா தேதி புடிங்க, 2025 ஜூன்லருந்து சோஷியல் மீடியா அக்கவுண்ட்ட பப்ளிக்ல வைக்கச் சொல்றாங்க, அதையும் முன்னாடியே சரி பண்ணிக்கோங்க. வெயிட்லிஸ்ட் மெயில் ஜூன்ல வந்தா அப்ப பாத்துக்கலாம், அந்த டெபாசிட் மட்டும்தான் போகும்.